கப்பலுக்குக் கடிகாரம் உண்டு, ஆட்டத்துக்குக் கிடையாது

உல்லாசக் கப்பலில் விடுமுறையைக் கழிப்பவர்களுக்குக் கரை என்பது சில மணி நேரச் சமாசாரம். காலை எட்டு மணிக்குக் கப்பல் துறைமுகத்துக்கு வரும். மாலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும். அதற்கு அரை மணி முன்பாவது எல்லோரும் ஏறிவிட வேண்டும். இடையில் கிடைக்கும் நேரத்தில் ஓர் ஊரைப் 'பார்த்து முடிக்க' வேண்டும். கப்பல் கம்பெனியே இதற்கு பஸ் ஏற்பாடு செய்துவிடுகிறது. ஒரு கோயில், ஒரு கோபுரம், ஒரு கடைத்தெரு, நடுவே கழிப்பறைக்குப் பத்து நிமிடம். எண் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி வழிகாட்டி முன்னால் போக, நாற்பது பேர் பின்னால் ஓடுகிறார்கள். திரும்பும்போது போட்டோக்கள் நிறைய இருக்கும். ஆனால் உள்ளூர்க்காரர் என்று ஒருவரோடு பேசியிருந்தால், அவர் பெரும்பாலும் கடைக்காரராகத்தான் இருப்பார்.

இந்த வழக்கத்தை மீற நினைப்பவர்களுக்கு ஜப்பானின் யோகோஹாமா வசதியான ஊர். அங்கே துறைமுகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பேஸ்பால் ஸ்டேடியம் இருக்கிறது. கப்பல்கள் வந்து நிற்கும் ஓஸன்பாஷி துறையில் இறங்கி, மரப்பலகை பாவிய அதன் கூரையைத் தாண்டி வெளியே வந்தால், சற்று தூரத்தில் நிஹோன் ஓடோரி என்ற அகலமான சாலை தொடங்கும். இருபுறமும் ஜிங்கோ மரங்கள். அந்தச் சாலை முடிகிற இடத்தில் யோகோஹாமா பூங்கா. பூங்காவுக்குள் ஸ்டேடியம். நிதானமாக நடந்தாலும் கால் மணி, இருபது நிமிடம்தான். விரிகுடாப் பாலத்துக்கு அடியில் நுழைய முடியாத அளவு உயரமான கப்பல்கள் மட்டும் 2019-ல் திறந்த டைகோகு துறையில் நிற்கும். அங்கிருந்து ஊருக்குள் வர வண்டி வேண்டும்.

யோகோஹாமா பேஸ்டார்ஸ் அணியின் சொந்த மைதானம் இது. மார்ச் கடைசியில் தொடங்கும் சீசன் அக்டோபர் ஆரம்பம் வரை நீள்கிறது. வார நாட்களில் மாலை ஆட்டம். அது பகலில் வந்து மாலையில் போகும் கப்பல்காரர்களுக்கு உதவாது. வசந்த காலத்துச் சனி, ஞாயிறுகளில் பெரும்பாலும் மதியம் இரண்டு மணிக்கு ஆட்டம் தொடங்கிவிடும். கப்பல் வரும் தேதியும் ஆட்டத் தேதியும் ஒத்துப்போகிறதா என்று வீட்டிலிருந்தே பார்த்து டிக்கெட் வாங்கிவிடுவது நல்லது. கடைசி நேரத்தில் வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அங்கே பல நாட்கள் மைதானம் நிரம்பி வழிகிறது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பேஸ்பாலுக்குக் கடிகாரம் கிடையாது. கால்பந்தில் தொண்ணூறு நிமிடம் முடிந்தால் விசில். ஒரு நாள் கிரிக்கெட்டில் ஐம்பது ஓவர் முடிந்தால் இன்னிங்ஸ் காலி. பேஸ்பாலில் ஓவர் கணக்கும் இல்லை, நிமிடக் கணக்கும் இல்லை. மூன்று பேர் அவுட் ஆனால் ஓர் அணியின் முறை முடியும். இரு அணிகளும் இப்படி ஒன்பது முறை ஆட வேண்டும். அந்த மூன்று பேரை அவுட் செய்ய ஐந்து நிமிடமும் ஆகலாம், அரை மணியும் ஆகலாம். அமெரிக்காவின் மேஜர் லீக், 2023-ல் பந்து வீச்சாளருக்குக் கடிகாரம் வைத்து, சராசரி ஆட்ட நேரத்தை 3 மணி 4 நிமிடத்திலிருந்து 2 மணி 40 நிமிடமாகக் குறைத்தது. அந்த ஆண்டு ஜப்பான் அதைப் பின்பற்றவில்லை. மூன்று மணிக்கு மேல் இழுப்பது அங்கே சகஜம். ஸ்கோர் சமமாக இருந்தால் பன்னிரண்டாவது இன்னிங்ஸ் வரை போகும்.

ஆக, கணக்கு எளிது. இரண்டு மணிக்கு ஆட்டம், நாலரைக்குள் கப்பலில் ஏற வேண்டும் என்றால், ஆறாவது இன்னிங்ஸோ ஏழாவது இன்னிங்ஸோ நடக்கும்போது எழுந்தாக வேண்டும். முடிவு தெரியாமலே திரும்ப வேண்டிய ஆட்டம். அதற்கு எதற்குக் காசு கொடுத்துப் போக வேண்டும் என்று கேட்கலாம். அதற்கான பதில் அந்த மைதானத்தின் மண்ணில் இருக்கிறது.

இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அயல்நாட்டாருக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்த ஜப்பானை, 1853-ல் அமெரிக்கத் தளபதி பெர்ரி போர்க்கப்பல்களோடு வந்து தட்டித் திறந்தார். 1859-ல் யோகோஹாமா வெளிநாட்டு வணிகத்துக்கான துறைமுகமானது. வெளிநாட்டார் வாழத் தனிக் குடியிருப்பு அமைந்தது. அவர்கள் குற்றம் செய்தால் அவரவர் நாட்டுத் தூதர்தான் விசாரிப்பார்; ஜப்பானிய நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. 1866-ல் ஊரில் பெருந்தீ. எரிந்துபோன கேளிக்கை விடுதிகளின் இடத்தில், ஸ்காட்லாந்து எஞ்சினியர் ரிச்சர்ட் பிரண்டன் வகுத்த திட்டப்படி 1876-ல் ஒரு பூங்கா எழுந்தது. ஜப்பானியரும் வெளிநாட்டாரும் இருவருமே வரலாம் என்பதால் அதற்கு 'ஹிகா கோயென்' என்று பெயர். 'அவர்களும் நாமும் பூங்கா' என்று பொருள்.

பெயர்தான் அப்படி. பூங்காவின் நடுவே இருந்த புல்வெளியில் கிரிக்கெட் ஆடியவர்கள் வெளிநாட்டார். அவர்களுடைய கிளப்புக்கும் டோக்கியோவின் இச்சிகோ என்ற உயர்நிலைக் கல்லூரி மாணவர்களுக்கும் இடையில்தான் அந்தச் சரித்திர ஆட்டம் நடந்தது. 1872-வாக்கில் ஹோரஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர் டோக்கியோவில் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்த பேஸ்பால், இருபது ஆண்டுகளில் இச்சிகோ மாணவர்களிடம் வெறியாகவே வளர்ந்திருந்தது. ஆட வாருங்கள் என்று அவர்கள் பல ஆண்டுகள் அழைத்தும் கிளப்காரர்கள் மதிக்கவில்லை. எங்கள் விளையாட்டில் எங்களோடு மோத இவர்கள் யார் என்ற நினைப்பு. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். 1896 மே 23 அன்று ஆட்டம். ஏளனக் குரல்களுக்கு நடுவே இறங்கிய மாணவர்கள் 29-4 என்று ஜெயித்தார்கள்.

பொறுக்குமா? துறைமுகத்தில் நின்ற அமெரிக்கப் போர்க்கப்பல்களின் மாலுமிகளைச் சேர்த்துக்கொண்டு அமெரிக்கர்கள் மறுபடி ஆடினார்கள். அதிலும் மாணவர்களுக்கே வெற்றி. ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்றுதான் அமெரிக்கர்களால் 14-12 என்று தப்பிக்க முடிந்தது. அதாவது, கப்பல் நிற்கும் நேரத்தில் கரையிறங்கி அந்தப் பூங்காவுக்கு பேஸ்பாலுக்காகப் போவது நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம். அன்று போனவர்கள் ஆடப் போனார்கள், இன்று போகிறவர்கள் பார்க்கப் போகிறார்கள்.

இந்தியர்களுக்கு இந்தக் கதை அந்நியமாகப் படாது. 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் மோகன் பகான் வீரர்கள் பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கி, ஈஸ்ட் யார்க்ஷயர் ராணுவ அணியை 2-1 என்று கால்பந்தில் தோற்கடித்தபோது வங்காளம் கொண்டாடியதும் இதே கொண்டாட்டம்தான். கற்றுக்கொடுத்தவனை அவன் ஆட்டத்திலேயே ஜெயிப்பது ஒரு தனி ருசி. யோகோஹாமாவில் அந்த ருசி பதினைந்து வருடம் முன்பே கிடைத்துவிட்டது. வெளிநாட்டாருக்கிருந்த தனி நீதி உரிமை ஒழிந்தது 1899-ல். மைதானத்தில் சமத்துவம் சட்டத்துக்கு மூன்று வருடம் முன்னால் வந்தது.

1923 செப்டம்பர் 1-ன் பெரும் பூகம்பம் ஊரைத் தரைமட்டமாக்கிய பிறகு, 1929-ல் பூங்காவில் பேஸ்பால் மைதானம் கட்டினார்கள். 1934-ல் பேப் ரூத்தும் லூ கெரிக்கும் அங்கே வந்து ஆடினார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்றதும் அமெரிக்க ராணுவம் மைதானத்தை எடுத்துக்கொண்டு கெரிக் பெயரைச் சூட்டியது. ஜப்பானின் முதல் தொழில்முறை இரவு ஆட்டம் 1948-ல் நடந்தது அங்கேதான். இன்றைய ஸ்டேடியம் 1978-ல் எழுந்தது. ஊர் மக்களிடம் பங்குகளை விற்று, வாங்கியவர்களுக்கு 45 ஆண்டுகளுக்கு இருக்கை உரிமை கொடுத்துப் பணம் திரட்டினார்கள். பூங்கா பெயரில் மட்டும் பொதுவாக இருந்த காலம் போய், ஊர்க்காரர்கள் காசு போட்டுக் கட்டிய மைதானம் வந்தது.

உள்ளே போனால் முதலில் வியக்க வைப்பது சத்தத்தின் ஒழுங்கு. ஒவ்வொரு பேட்டருக்கும் தனிப் பாட்டு. டிரம்பெட், முரசோடு ஆயிரக்கணக்கானோர் ஒரே குரலில் பாடுகிறார்கள். தங்கள் அணி பேட் செய்யும்போதுதான் இந்த முழக்கம். எதிரணியின் முறை வந்தால் எதிரணி ரசிகர்கள் தொடங்குவார்கள். மாறி மாறிக் கச்சேரி நடப்பது போலிருக்கும். பக்கத்து இருக்கைக்காரர் புதியவருக்குக் கைதட்டும் தாளத்தைக் கையைப் பிடிக்காத குறையாகச் சொல்லிக் கொடுப்பார். இதற்கு ஜப்பானிய மொழி தெரிய வேண்டியதில்லை.

முதுகில் பீர் பீப்பாயைச் சுமந்த இளம்பெண்கள் சளைக்காமல் படியேறி இறங்குகிறார்கள். சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டாம். தோலோடு வேகவைத்து உப்புத் தூவிய பச்சை சோயா, எடமாமே என்ற பெயரில் கிடைக்கும். நம்மூர் மொச்சையை உரித்துத் தின்பது போலத்தான். ஆரஞ்சுச் சுளைகள் போட்ட ஐஸும் அந்த மைதானத்தில் பிரசித்தம். தின்று முடித்த குப்பையை இருக்கைக்கு அடியில் தள்ளாமல் அவரவரே எடுத்துப் போகிறார்கள். யாரும் அறிவுரை சொல்லாமலே புதியவரும் அப்படிச் செய்துவிடுகிறார்.

பஸ்ஸில் போகிற பயணி ஊரை ஜன்னல் வழியே பார்க்கிறார், ஊர் அவரை வாடிக்கையாளராகப் பார்க்கிறது. மைதானத்தில் இருவரும் ஒரே பக்கம் திரும்பி உட்கார்ந்து ஒரே பந்தைப் பார்க்கிறார்கள். ஊர் தன் பாட்டுக்குத் தனக்காகச் செய்துகொள்ளும் ஒரு காரியத்தில் வெளியூர்க்காரருக்கும் ஓர் இடம் கிடைக்கிறது. முடிவு தெரியாமல் போனாலும் நஷ்டமில்லை என்று சொல்வது இதனால்தான்.

கப்பலுக்கும் ஊருக்கும் உள்ள உறவு எவ்வளவு சன்னமானது என்பது 2020-ல் தெரிந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 3 அன்று டைமண்ட் பிரின்சஸ் கப்பல் கொரோனாவோடு யோகோஹாமா வந்தது. அதிலிருந்த 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று. கரை கண்ணெதிரே இருந்தும் வாரக்கணக்கில் இறங்க முடியவில்லை. 138 இந்தியர்களில் 132 பேர் ஊழியர்கள். பயணிகள் அறைக்குள் அடைபட்டிருந்தபோது சமைத்ததும், கதவு கதவாகச் சாப்பாடு கொண்டுபோனதும் ஊழியர்கள்தான். அந்த வசந்தத்தில் ஜப்பானில் பேஸ்பாலும் நின்றுபோனது. ஜூன் 19 அன்றுதான் சீசன் தொடங்கியது, அதுவும் ரசிகர்கள் இல்லாமல். 2021 ஆகஸ்ட் 7 அன்று இதே யோகோஹாமா ஸ்டேடியத்தில் அமெரிக்காவை 2-0 என்று வென்று ஜப்பான் ஒலிம்பிக் தங்கம் பெற்றபோதும் இருக்கைகள் காலி. 125 ஆண்டுகளுக்கு முன் அதே பூங்காவில் மாணவர்கள் ஜெயித்ததைப் பார்க்கக்கூட ஆட்கள் இருந்தார்கள்.

கப்பல் நிற்கும் நாளில் பயணிகளுக்குத்தான் விடுமுறை. சமையலறையில், சலவையில், அறைகளில் வேலை செய்கிறவர்களுக்குச் சில மணி நேரம் கிடைத்தாலே பெரிது. துறைக்குப் பக்கத்தில் நின்று வீட்டுக்குப் போன் பேசிவிட்டு ஏறிக்கொள்கிறவர்கள் அநேகம். அவர்களுக்கு ஏழு இன்னிங்ஸ் என்பது எட்டாத ஆடம்பரம். பாதி ஆட்டத்தில் எழுந்திருக்க வேண்டியிருக்கிறதே என்று புலம்பும் பயணி இதை ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம்.

நேரம் மிச்சமிருந்தால் திரும்பும் வழியில் சற்றே விலகி, கடலோரத்து யமாஷிதா பூங்காவுக்குள் நுழையலாம். பூகம்ப இடிபாடுகளைக் கொட்டி நிரப்பிய நிலத்தில் 1930-ல் திறந்த பூங்கா அது. அங்கே இந்தியச் சாயலில் குவிமாடம் வைத்த ஒரு நீரூற்று நிற்கிறது. பூகம்பத்தில் மாண்ட இந்தியர்களின் நினைவாகவும், தப்பியவர்களுக்கு உதவிய ஊர்க்காரர்களுக்கு நன்றியாகவும் யோகோஹாமா வாழ் இந்தியர்கள் 1939-ல் கொடுத்தது. வியாபாரத்துக்குக் கப்பலேறி வந்து, அங்கேயே தங்கிவிட்டவர்கள் அவர்கள். அங்கிருந்து பார்த்தால் துறையில் நிற்கும் கப்பல் தெரியும். ஸ்டேடியத்தில் எட்டாவது இன்னிங்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். நாலரைக்குள் ஏறிவிட வேண்டும்.