ஒரு மலைக்கு ஒரு வெப்பமானி போதுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

வரப்பைத் தவிர வேறு மேடு காணாத ஊர் என்னுடையது. தஞ்சையின் வெப்பநிலை இவ்வளவு என்று வானொலி சொன்னால், அது எங்கள் வயலுக்கும் ஏறக்குறையப் பொருந்தும். உதகைக்கு என்று சொல்லப்படும் ஒற்றை எண்ணையும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

சென்ற சனவரியில் நண்பர்களுடன் உதகை சென்றபோது, ஆசிரியரிடம் இரண்டு வெப்பமானிகளைக் கேட்டு வாங்கிச் சென்றேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பாடம். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர். உதகை சுமார் 2,240 மீட்டர். கணக்குப்படி பன்னிரண்டு டிகிரி வித்தியாசம். ஆனால் தலைகுந்தா அருகே, விடியுமுன், அந்தக் கணக்கு தலைகீழாயிற்று. பள்ளத்தில் நின்ற எனக்கு 4 டிகிரி. அதே நேரத்தில் சரிவின் மேலே நின்ற நண்பனுக்கு 7! என் காலடிப் புல்லில் பனி உறைந்து கிடந்தது.

காரணம் எளிது. தெளிந்த, காற்றில்லா இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழக்கிறது. அதையொட்டிக் குளிர்ந்த காற்று கனமாகி, மடைநீர் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. நாலடி உயரத்தில் 4 டிகிரி இருக்கும்போதே புல்நுனி பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்துவிடுகிறது.

வானிலை நிலையத்தை நான் குறை கூறவில்லை. நிழலும் காற்றோட்டமும் உள்ள வெள்ளைப் பெட்டியில், குறித்த உயரத்தில் அளந்தால்தான் ஊருக்கு ஊர் ஒப்பிட முடியும். ஆனால் பள்ளத்தில் ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவரின் கேள்வி வேறு: இன்றிரவு செடிகளை மூட வேண்டுமா, வேண்டாமா? எங்கோ இருக்கும் பெட்டி அதற்கு விடை சொல்லாது. கொழுந்து கருகினால் நட்டம் அவருக்கே.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நடந்ததை அப்பாவிடம் சொன்னேன். "அப்ப, குளிருக்கும் பள்ளம் மேடு உண்டுன்னு சொல்லு தம்பி" என்றார். எந்த வயலில் நீர் தேங்கும் என்று அறிந்தவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

நண்பர்களே, மின்னணு வெப்ப உணரிகள் இன்று மலிவாகவே கிடைக்கின்றன. உதகையிலும் நம்முடையதைப் போல ஓர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. பள்ளம், சரிவு, முகடு என உணரிகளை வைத்து ஒரு குளிர்காலம் முழுதும் அவர்கள் அளக்கட்டும்; கணக்கிடுவதில் நாம் தோள் கொடுப்போம். உறைபனி எங்கே விழும் என்பதற்கு ஒரு வரைபடம் கிடைக்கும்.

நீலகிரியின் நீர் பவானியோடு இறங்கி, காவிரியில் கலந்து நம் வயலுக்கு வருகிறது. நம் உழைப்பு சிறிதேனும் அந்த மலைக்கு ஏறிச் செல்லட்டும்!