பற்றறி செத்தால் மெஷினையும் எறிவதா?

வயரில்லாமல் ஓடும் சவர மெஷின் பத்து வருடத்தில் நின்றுபோனால், மோட்டார் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். செத்துப்போவது உள்ளேயுள்ள ஒன்றோ இரண்டோ சிறு மின்கலங்கள். பழைய மெஷின்களில் அவை நிக்கல் காட்மியம் அல்லது நிக்கல் மெற்றல் ஹைட்ரைட், கலமொன்றுக்கு 1.2 வோல்ட். பல நூறு தடவை மின்னேற்றியபின் அவை தளர்ந்தே தீரும். இது செய்து விற்பவனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் கலத்தை ஈயத்தால் பற்றவைத்து, உறையைத் திறக்க வழியில்லாமல் அடைத்து அனுப்புகிறான். இதை வஞ்சகம் என்றே நான் சொல்வேன்.

என் பழைய மெஷினை விற்பனை நிலையமொன்றுக்குக் கொண்டுபோனேன் (பெயர் வேண்டாம்). "இந்த மொடலுக்கு இப்ப சாமான் வாறேல்லை ஐயா, புதுசு ஒண்டு எடுங்கோ" என்றார்கள். திறந்துகூடப் பார்க்கவில்லை. கொச்சிக்கடையில் வானொலி திருத்தும் ஒருவர் அரை மணி நேரத்தில் கலங்களை மாற்றித் தந்தார். சூட்டுக்கோலை நேரே கலத்தில் வைத்தால் அது கெடும் என்று, தகடு பொருத்திய கலங்களாகத் தேடியெடுத்தார். லித்தியம் போடலாமே என்று கேட்டதற்கு மறுத்துவிட்டார். அது 3.7 வோல்ட், பழைய சார்ஜர் அதற்கு ஒத்துவராது, தீப்பிடிக்கவும் கூடும். இத்தகைய கைகளைத்தான் கம்பனிகள் வேலையற்றவை ஆக்குகின்றன.

பாதுகாப்புக்காக அடைக்கிறோம் என்பது அவர்களுடைய வாதம். லித்தியத்தில் ஆபத்து உண்டுதான். ஆனால் துளையிடும் மெஷின்களுக்குக் கழற்றி மாட்டும் லித்தியம் பொதியை அதே தொழிற்சாலைகள் செய்கின்றனவே! ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் இயற்றிய விதி, 2027 பெப்ரவரி 18 ஐ நாள் குறித்து, பாவனையாளரே கழற்றக்கூடிய மின்கலம் வேண்டுமென்கிறது. மாற்றுக்கலம் ஐந்து வருடமாவது கிடைக்கவேண்டும் என்றும் சொல்கிறது. அதிலும் ஓர் ஓட்டை: தண்ணீரில் கழுவிப் பாவிக்கும் கருவிகளுக்குத் தொழிலாளி கழற்றினால் போதுமாம். சவர மெஷின்காரர் அதற்குள் நுழையப் பார்ப்பர்.

நாம் 2022 இல் டொலரில்லாமல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றவர்கள். இரண்டு கலம் மாற்றவேண்டிய இடத்தில் முழு மெஷினை இறக்குமதி செய்வது நமக்குக் கட்டுமா? எறிந்த காட்மியம் வேறு மண்ணில் சேர்ந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் பொதிகளின் சுட்டுத்துண்டு குறித்துப் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. கலத்தின் வகை, வோல்ட், கழற்றும் முறை ஆகியவற்றைப் பெட்டியின் மேல் அச்சிடும்படி இறக்குமதியாளர்களுக்கு அது கட்டளையிடட்டும்.