கோத்தா திங்கியும் ஆட்டுப்பால் மாவும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள கோத்தா திங்கி வட்டாரத்துக் கடைகளிலும் இரவுச் சந்தைகளிலும், நாட்டின் பிற ஊர்களைப் போலவே, ஆட்டுப்பால் மாவு சிறு சிறு உறைகளில் விற்பனையாகிறது. அதை விற்பவர்களில் சிலர், ஆஸ்துமா, நீரிழிவு, மூட்டுவலி முதலிய சகல வியாதிகளுக்கும் அதுவே சஞ்சீவி என்று வாய்கூசாமல் சொல்லிக் கொடுப்பதும், வயதான தாய்க்கோ மூச்சிரைப்பால் வருந்தும் பேரக் குழந்தைக்கோ நலம் கிடைக்காதா என்ற ஏக்கத்தில் ஜனங்கள் அதை வாங்கிச் செல்வதும் நாம் காணாத காட்சிகளல்ல. ஆஸ்துமா, நீரிழிவு போன்ற வியாதிகளைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டின் மருந்துகள் (விளம்பரம், விற்பனை) சட்டம் தடுக்கிறது. ஆயினும் வாய்வார்த்தையைச் சட்டம் எட்டிப் பிடிப்பது சிரமம். ஆட்டுப்பால் உயர்ந்த ஆகாரம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை மருந்தாகப் பாவிக்கத் தொடங்கியதனால்தான், அது யாருடைய ஆடு, எங்கே கறந்தது, எப்படி மாவாயிற்று என்று கேட்கும் வழக்கத்தை நாம் கைவிட்டோம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆட்டுப்பாலின் கொழுப்புத் துளிகள் பசும்பாலில் உள்ளவற்றைக் காட்டிலும் நுண்ணியவை. வயிற்றில் அது மிருதுவாகத் திரிகிறது. ஆதலால் அது எளிதில் ஜீரணமாகிறதென்று முதியவர்கள் அனுபவத்தில் சொல்வதில் பொருள் இருக்கிறது. சீதபேதியால் உடல் நலிந்து, பால் அருந்துவதில்லை என்ற விரதத்தாலும் கட்டுண்டிருந்த காந்தியடிகள், 1919-இன் தொடக்கத்தில் கஸ்தூரிபாவின் யோசனையை ஏற்று ஆட்டுப்பால் பருக இசைந்த விஷயம் நாம் அறிந்ததே. ஆனால் பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆட்டுப்பாலும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது. அச்சர்க்கரை இதிலும் சற்றே குறைவாக இருக்கத்தான் செய்கிறது. பசும்பாலின் புரதத்தால் உடலெல்லாம் தடித்துச் சிவக்கும் குழந்தைகளில் மிகப் பலருக்கு ஆட்டுப்பாலும் அதே உபாதையைத் தரும். ஃபோலிக் அமிலச் சத்து இதில் மிகக் குறைவாதலால், தாய்ப்பாலுக்குப் பதிலாக ஆட்டுப்பாலையே புகட்டி வளர்த்த சிசுக்கள் சோகை பிடித்து வெளுத்துப்போன சம்பவங்கள் ஐரோப்பாவின் வைத்திய சரித்திரத்தில் பதிவாகியுள்ளன. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குச் சாதாரண ஆட்டுப்பால் மாவைக் கரைத்துக் கொடுப்பது பெரும் தவறு. சிசுக்களுக்கென்றே சத்துகள் சேர்த்துத் தயாரித்த மாவு வேறு, கடையில் உறையாகத் தொங்கும் மாவு வேறு.

அந்த உறையைத் திருப்பிப் பின்புறத்தைப் படித்துப் பார்க்கும்படி வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன். சேர்மானங்களை அவற்றின் எடையின் இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும் என்பது 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின் கட்டளை. முன்புறத்தில் கொழுத்த வெள்ளாட்டின் படம் இருக்க, பின்புறத்தில் 'கிரிமெர் புக்கான் தெனுசு', அதாவது தாவர எண்ணெயிலிருந்து செய்த பாலல்லாத வெண்பொடி, முதலிலும், சீனி அதற்கடுத்தும், 'செர்புக் சூசு கம்பிங்' எனும் ஆட்டுப்பால் மாவு அவற்றுக்கெல்லாம் பின்னும் வருமானால், நாம் வாங்கியது பெரும்பாலும் கிரீமரும் சீனியுமே என்று அறிந்துகொள்ளலாம். நீரிழிவுக்காரர் ஒருவர் அதை மருந்தென்று நம்பித் தினம் இருவேளை அருந்துவாரானால், அந்த அநியாயத்தை நினைக்கவே மனம் பதைக்கிறது.

உண்மையான ஆட்டுப்பால் மாவு அருமையான பொருளாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு தண்ணீர். ஏறக்குறைய எட்டு லிட்டர் பாலை வற்ற வைத்தால்தான் ஒரு கிலோ மாவு தேறும். முதலில் பாலைக் கிருமி சாகுமளவு சூடாக்கி, பின்னர் காற்றழுத்தம் குறைந்த கலத்தில் தாழ்ந்த சூட்டிலேயே சுண்ட வைத்து, அந்தக் கெட்டிப் பாலை உயரமான கோபுரம் ஒன்றின் உச்சியிலிருந்து மூடுபனிபோல் தெளித்து, 180 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணக் காற்றினூடே விழச் செய்கிறார்கள். துளி கீழே வந்து சேர்வதற்குள் ஈரம் பறந்து, வெண்ணிறத் தூளாகப் படிகிறது. ஆனால் மாவின் தரம் தொழுவத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. கிடாவைப் பெட்டைகளோடு ஒரே பட்டியில் அடைத்தால் அதன் வாடை பாலில் ஏறும். மடியைக் கழுவித் துடைத்து, முதல் பீச்சைத் தனியே கறந்து பார்த்துக் கொட்டிவிட்டு, எவர்சில்வர் பாத்திரத்தில் கறந்து, வடிகட்டி, தாமதமின்றிக் குளிர வைத்த பாலில் வீச்சம் அநேகமாக இருப்பதில்லை. மூக்கைச் சுளிக்க வைக்கும் மாவு, அசிரத்தையாகக் கறந்த பாலின் சாட்சியாகவே பெரும்பாலும் இருக்கும்.

தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் முன்னோர்க்கு இதெல்லாம் புதிதன்று. ரப்பர் மரத்தடியில் ஆடு மேய்த்து, காய்ச்சிய பாலை அண்டை வீட்டுக் குழந்தைக்கும் கொடுத்தனுப்பிய குடும்பங்கள் ஜொகூர்த் தோட்டங்களில் எத்தனையோ. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, ஜனங்கள் வீடமைப்புத் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தபோது ஆடு போயிற்று. அதோடு பாலைக் காய்ச்சாமல் குடிக்கலாகாது என்ற அறிவும் மங்கிற்று. பச்சைப் பாலே சக்தி மிக்கதென்று இன்று சிலர் உபதேசிப்பதைக் கேட்கும்போது, மால்டாத் தீவின் கதையை அவர்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது. அங்கே சிப்பாய்களை வாட்டிய புருசெல்லாக் காய்ச்சலின் கிருமியை டேவிட் புரூஸ் 1887-இல் கண்டறிந்தார். அது ஆட்டினிடமிருந்து வருகிறதென்று தெமிஸ்டோக்ளஸ் ஸம்மிட் 1905-இல் நிரூபித்தார். அடுத்த ஆண்டு படைவீரர்களுக்கு ஆட்டுப்பால் கொடுப்பதை நிறுத்தியதும் அவர்களிடையே காய்ச்சல் பெருமளவு தணிந்தது. அது ஏதோ தூர தேசத்துப் பழங்கதையென்று ஒதுக்கவும் இடமில்லை. பினாங்கில் 2011-ஆம் ஆண்டையொட்டி, காய்ச்சாத ஆட்டுப்பாலை அருந்திய எழுபதுக்கும் மேற்பட்டோரை இதே புருசெல்லா நோய் பீடித்தது. பாலை விற்ற பண்ணைக்காரரும் அவர்களில் ஒருவர்.

மாவாக வருவதில் இந்த அபாயம் குறைவு. என்றாலும் திறந்த டின்னை நம் ஊரின் ஈரக் காற்று விரைவில் கட்டிபிடிக்கச் செய்துவிடும், கொழுப்பும் காறும். காய்ந்த கரண்டியால் எடுத்து, உடனே இறுக மூடி, ஒரு பங்கு மாவுக்கு ஏழு பங்கு நீர் என்ற அளவில் கரைப்பது நல்லது. கொதிநீரைச் சிறிது ஆறவிட்டு, அதன்மேல் மாவைத் தூவிக் கலக்கினால் கட்டி தட்டாது.

மருந்து என்ற போர்வையை நீக்கி ஆகாரமென்று நோக்கினால், அதை நாமே ஏன் உற்பத்தி செய்யக்கூடாது என்ற கேள்வி தானே எழுகிறது. கோத்தா திங்கி, ஃபெல்டா என்னும் அரசு நிறுவனத்தின் நிலக் குடியேற்றங்களும் பெருந்தோட்டங்களும் நிறைந்த செம்பனை நாடு. செம்பனைப் பருப்புப் புண்ணாக்குக்கும் நேப்பியர் புல்லுக்கும் இங்கே பஞ்சமில்லை. (அந்தப் புண்ணாக்கில் செம்புச் சத்து மிகுதியாதலால் செம்மறிக்கு அது கெடுதல், வெள்ளாடு ஓரளவு தாங்கும்.) அடுத்த மாவட்டமான குளுவாங்கில் கால்நடைச் சேவைத் துறையின் பயிற்சி நிலையம் இருக்கிறது. குறை எங்கே என்றால், அளவில். நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் கறக்கும் நூறு ஆடுகளை ஒருவர் வைத்திருந்தாலும், 150 லிட்டர் பாலிலிருந்து கிடைப்பது பத்தொன்பது கிலோ மாவுதான். அதற்காக ஒரு தெளிப்புக் கோபுரத்தை எழுப்புவது தனியொருவரால் இயலாது. தனி மனிதனுக்குச் சாத்தியமற்ற இக்காரியம் கூட்டுறவுக்குச் சாத்தியம். எருமைப்பாலை மாவாக்கவே முடியாதென்று மேனாட்டு நிபுணர்கள் சாதித்தபோது, குஜராத்தின் ஆனந்த் நகரில் எச். எம். தலாயா அதைச் செய்து காட்டினார். அங்கே குடியானவர்களின் சங்கத்துக்குச் சொந்தமான பால்மாவு ஆலையை 1955 அக்டோபரில் நேரு திறந்து வைத்தார். ஆட்டுப்பால் மாவை உலகெங்கும் அனுப்பும் நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரத்து ஸ்தாபனமும் 1984-இல் ஆடு வளர்ப்போர் கூடி அமைத்த கூட்டுறவே. தோட்டங்கள் துண்டாடப்பட்ட நாட்களில், துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், தொழிலாளர்கள் கூலியில் மிச்சம் பிடித்துப் பங்கு சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள் என்பதை நினைக்கும்போது, ஓர் உலர்த்தி நமக்கு எட்டாக்கனி என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

தொடக்கத்திலேயே ஆலை வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து குடும்பங்கள் பரண் கொட்டில் போட்டு ஸானென், ஜமுனாபாரி இனங்களை வளர்த்து, எல்லா ஆடுகளுக்கும் புருசெல்லாப் பரிசோதனை செய்வித்து, பாலை ஒரே இடத்தில் சேர்த்து 63 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிக் குளிர வைத்து, ஜொகூர் பாரு வரையுள்ள வீடுகளுக்குப் பாலாகவே முதலில் விற்கட்டும். விற்று மிஞ்சும் பாலை உறைய வைத்துச் சேமிக்கலாம். போதிய அளவு சேர்ந்ததும், கூலிக்கு உலர்த்தித் தரும் ஆலையொன்றில் மாவாக்கிக்கொள்ளலாம். அந்த உறையின் பின்புறத்தில் 'ஆட்டுப்பால்' என்ற ஒரே சேர்மானமும், கறந்த கொட்டிலின் பெயரும், உலர்த்திய தேதியும் இருந்தால் போதும். வியாதிகளின் பட்டியல் அதற்குத் தேவைப்படாது.