ஈ.ஈ.ஈ. படிச்சவனுக்கு வாட்ச்மேன் வேலையா?

பண்ணைப்புரம்னு சொன்னாலே எல்லாரும் ராஜாவைப் பத்தித்தான் கேப்பாங்க. மன்னிக்கணும் மக்களே, இந்தப் பதிவுல பாட்டு இல்ல, கரண்டுதான்.

ஊருக்குப் போயிருந்தப்ப அக்கா மகன் (ஈ.ஈ.ஈ. கடைசி வருஷம்) டீக்கடையில கேட்டான்: "மாமா, ஐ.டி.ல ஒரு ஆஃபர் வந்திருக்கு. சேர்ந்துட்டு அப்படியே ஈ.பி. பரீட்சைக்குப் படிக்கவா?" எங்க பக்கம் எலக்ட்ரிகல் படிச்சவனுக்குத் தெரிஞ்ச வழி ரெண்டுதான். "அரசாங்க ஆராய்ச்சி நிலையத்துக்கு முயற்சி பண்ணேன்டா"ன்னேன். "அதெல்லாம் ஃபிசிக்ஸ்காரங்களுக்கு மாமா"ன்னான். பக்கத்துல இருந்த பெருசு சிரிச்சாரு: "நியூட்ரினோ வந்தாலும் நம்ம பயலுக்கு வாட்ச்மேன் வேலதாம்ப்பா."

அந்தச் சிரிப்புதான் இந்தப் பதிவு.

பக்கத்துல பொட்டிப்புரம் மலையில வரவேண்டிய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015 ஜனவரியில மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சு. அப்புறம் வழக்கு, போராட்டம். 2022-ல தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்துல எதிர்ப்பு சொல்லிருச்சு. மலைக்காகவும் தண்ணிக்காகவும் எங்க ஆளுங்க பயந்ததுல நியாயம் இருக்கு. என் வருத்தம் வேற. இத்தனை வருஷம் பேசினோமே, அங்க வைக்கறதா இருந்த கருவி என்னன்னு ஒரு ஈ.ஈ.ஈ. பையன்கிட்ட யாராச்சும் சொன்னோமா?

அது 50,000 டன் இரும்புல ஒரு மின்காந்தம்ங்க! செப்புச் சுருள்ல கரண்டு விட்டு மொத்த இரும்பையும் காந்தமாக்கணும். நடுவுல அடுக்கற கண்ணாடி டிடெக்டர்களுக்கு 10,000 வோல்ட் பக்கம் கொடுக்கணும். இதோட 85 டன் மாதிரியை மதுரையிலயே ஓட்டிக் காட்டினாங்க. பவர் சப்ளை, இன்சுலேஷன், எர்த்திங், கன்ட்ரோல்னு எல்லாமே இவன் சிலபஸ்தான்.

வழியும் ரகசியம் இல்ல. பாபா அணு ஆராய்ச்சி மையத்தோட பயிற்சிப் பள்ளி 1957-லேர்ந்து நடக்குது. பி.ஈ.ல 60 சதவீதம், கேட் மார்க் இல்லைன்னா அவங்க வைக்கற ஆன்லைன் தேர்வு, அப்புறம் நேர்முகம். கடைசி முடிவு நேர்முகத்தை வச்சுத்தான். ஒரு வருஷம் உதவித்தொகையோட பயிற்சி, முடிச்சா விஞ்ஞான அதிகாரி. இஸ்ரோவும் எலக்ட்ரிகல்காரங்களை எடுக்குது, மகேந்திரகிரி ஒண்ணும் வெளிநாடு இல்ல.

சுலபம்னு பொய் சொல்ல மாட்டேன். நாடு பூரா போட்டி போடுவான். மும்பைக்கும் போக வேண்டியிருக்கும். ஆனா பயிற்சிப் பள்ளிக்கு வயசு வரம்பு உண்டு: பொதுப்பிரிவுக்கு 26, ஓ.பி.சி.க்கு 29, எஸ்.சி., எஸ்.டி.க்கு 31. "ஐ.டி.ல கொஞ்ச நாள் பாத்துட்டு வர்றேன்"னா வயசு இருந்தாலும் படிச்சது மறந்துரும். அதனால அந்தக் கதவை முதல்ல தட்டணும்ங்கறேன். திறக்கலைன்னா ஐ.டி. எங்க ஓடிறப் போகுது?

எல்லாத்தையும் சொல்லி முடிச்சதும் பய ரொம்ப நேரம் கிளாஸையே பாத்துக்கிட்டிருந்தான். அப்புறம் மெதுவா, "எனக்கு 64 பெர்சென்ட் இருக்கு மாமா"ன்னான்.

மலை விஷயத்தைக் கோர்ட்டு பாத்துக்கட்டும். அந்த வாட்ச்மேன் பேச்சை நாமதான் நிறுத்தணும். கல்பாக்கத்துலயோ இஸ்ரோவுலயோ வேலை பாக்கற பதிவர்கள் யாராச்சும் இருந்தா, எப்படி உள்ள போனீங்கன்னு தமிழ்ல ஒரு பதிவு போடுங்களேன். பிரிண்ட் எடுத்து அந்த டீக்கடைச் சுவத்துல நானே ஒட்டறேன்.