‘பொருள்’ எவ்வளவு?



கோவை கணபதியில், சத்தி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், லேத் பட்டறையின் மாடியில் குடியிருக்கும் குடும்பத்தாரைக் காணச் சென்றிருந்தேன். கீழே இயந்திரத்தின் இரைச்சல். மேலே, ஒன்பதாம் வகுப்பில் பயிலும் அவ்வீட்டு மகள் கணக்கு நோட்டின் முன் கண் கலங்கி அமர்ந்திருந்தாள். “மகனுக்கு மைனஸ் 12 வயது வருகிறது” என்றாள்!

கணக்கு இதுதான்: தந்தையின் வயது மகன் வயதைப்போல் மூன்று மடங்கு. 12 ஆண்டுகள் கழித்து இரு மடங்காகும். இன்று மகனின் வயது என்ன? அவள் தந்தையின் வயதோடு 12-ஐக் கூட்டினாள். மகனுக்குக் கூட்ட மறந்துவிட்டாள். தந்தைக்கு மட்டுமா வயது ஏறும்? இருவருக்கும் கூட்டினால், மூன்று பங்கும் 12-உம் சேர்ந்தது, இரண்டு பங்கும் 24-உம் சேர்ந்ததற்குச் சமம். இருபுறமும் இரண்டு பங்கை நீக்கினால், ஒரு பங்கும் 12-உம் 24-க்குச் சமம். ஆகவே மகனுக்கு வயது 12, தந்தைக்கு 36. பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது கூட்டலிலோ கழித்தலிலோ அன்று. வாக்கியத்தைச் சமன்பாடாக மாற்றும் இடத்தில்தான். தாய்மார்கள் கணக்கை இருமுறை உரக்க வாசிக்கச் சொல்லி, “எது தெரியவில்லை?” என்று மட்டும் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

“தந்தையின் வயதை இப்படி யார் கேட்கப் போகிறார்கள்?” என்றாள் அந்தப் பெண். நியாயமான கேள்வி. வயதுக் கணக்குகள் எனக்கும் பிடிப்பதில்லை. ஆனால் இந்தக் கலைக்குப் பெயர் தந்த நூல் விளையாட்டுக்காக எழுதப்பட்டதன்று.

கலீஃபா மஃமூன் ஆட்சி புரிந்த 813 முதல் 833 வரையிலான காலத்தில், பாக்தாதில் வாழ்ந்த முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மீ ‘அல்-ஜப்ர் வல்-முகாபலா’ பற்றி ஒரு நூல் இயற்றினார். குறைந்திருப்பதை இருபுறமும் கூட்டி நிறைவாக்குவது ஜப்ர். முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கும் அரபியில் இதே சொல்தான். இருபுறமும் உள்ள ஒரே இனத்தை நீக்கிச் சமன் செய்வது முகாபலா. நாம் மேலே செய்தது அதுவே. எக்ஸ், ஒய் எதுவும் அவரிடம் இல்லை. தெரியாததை ‘ஷைஃ’, அதாவது ‘பொருள்’ என்றழைத்து, எல்லாவற்றையும் சொற்களாலேயே எழுதினார். 1145-இல் செஸ்டர் ராபர்ட் இந்நூலை லத்தீனில் பெயர்த்தார். ஆனால் லத்தீனுக்குச் சென்றது முற்பகுதியே. வஸிய்யத்து, பாகப்பிரிவினைக் கணக்குகள் நிறைந்த பிற்பகுதி அங்கே செல்லவில்லை. எனக்கு அந்தப் பிற்பகுதியே சுவையானது.

அதில் ஒரு கணக்கு: ஒருவர் இரு மகன்களை விட்டு இறக்கிறார். மூன்றில் ஒரு பங்கை அந்நியர் ஒருவருக்கு வஸிய்யத்துச் செய்திருக்கிறார். கையிருப்பு 10 திர்ஹம். ஒரு மகன் அவருக்குத் தர வேண்டிய கடன் 10 திர்ஹம். கடன்பட்ட மகனின் பங்கு அவனுடைய கடனிலேயே நேர் செய்யப்படும். அவ்வாறு நேராகும் தொகையே ‘பொருள்’. அப்படியானால் சொத்து, பத்தும் ஒரு பொருளும். அதில் மூன்றில் ஒன்று வஸிய்யத்துக்குப் போக, மீதி இருவருக்கும் சமமாகப் பிரிகிறது. எனவே ஒரு மகனின் பங்கும் மூன்றில் ஒன்றே. அந்தப் பங்குதான் பொருள் என்பதால், மூன்று பொருள் பத்தும் ஒரு பொருளுக்குச் சமம், இரண்டு பொருள் பத்து, பொருள் ஐந்து. கையிலுள்ள பத்தில் அந்நியருக்கு ஐந்து, மற்ற மகனுக்கு ஐந்து.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது பெண்ணின் தந்தையும் வந்து அமர்ந்தார். பெற்றோர் காலமானபின் பூர்வீக இடத்தை விற்ற வகையில் 10 லட்சம் ரூபாய் கையில் இருந்தது. பங்காளிகள் அவரும், ஒரு தம்பியும், ஒரு தங்கையும். தங்கைக்கு ஒரு பங்கு, ஆண்களுக்கு இரண்டிரண்டு. ஐந்தாகப் பிரித்துத் தங்கைக்கு 2 லட்சம் என்று முடிவு செய்திருந்தார். தம்பி முன்பு தகப்பனாரிடம் கடனாக வாங்கிய 2 லட்சம் “எங்கள் இருவருக்குள் பேசிக்கொள்ள வேண்டியது” என்றார்.

“கடனும் பாட்டனாருடைய சொத்துத்தானே, அத்தா?” என்றாள் மகள்.

கடன் தம்பியின் பங்கைவிடக் குறைவு; ஆகவே முழுவதும் சேரும். அவளே எழுதினாள்: தங்கையின் பங்கு பொருள் எனில், ஐந்து பொருள் 12 லட்சம். பொருள் 2,40,000. மூத்தவருக்கு 4,80,000. தம்பிக்குக் கடன் போக ரொக்கம் 2,80,000. மூன்றையும் கூட்டினாள், கையிருப்பான 10 லட்சம் சரியாக வந்தது. அவர் அந்தத் தாளை வாங்கி, 2,40,000 என்ற எண்ணை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினார். லேத்தின் இரைச்சல் நின்றது. தங்கையுடன் அவர் தொலைபேசியில் பேசுவது மாடிவரை கேட்டது.

பிள்ளைகளுக்கு இம்மாத வேலை: குவாரிஸ்மீயின் கணக்கில் வஸிய்யத்தே இல்லையென்றால் ‘பொருள்’ எவ்வளவு? விடை அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ்.