தென்துருவமும் டீசல் மெக்கானிக்கும்

முத்தாண்டிக்குப்பத்தில் உட்கார்ந்துகொண்டு தென்துருவத்தைப் பற்றி எழுதுவது கொஞ்சம் ஓவர்தான், தெரியும். இங்கே மே மாசம் ஃபேனைப் போட்டால் அனல்தான் இறங்கும். பனி என்றால் எங்களுக்கு மார்கழி, தையில் முந்திரிப்பூ கருகிடுமோன்னு பயப்பட வைக்கிற பனி மட்டும்தான். இருந்தாலும் ரொம்ப நாளா மனசுல கிடக்குற விஷயம், எழுதிடறேன். திட்டுறவங்க பின்னூட்டத்துல திட்டலாம் :-)

ரீனா கௌஷல் தர்மஷக்து. இந்தப் பேரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கிட்டு தென்துருவம் வரைக்கும் போன முதல் இந்தியப் பெண். போய்ச் சேர்ந்தது 2009 டிசம்பர் 29. தூரம் சுமார் 900 கிலோமீட்டர். நெய்வேலியிலிருந்து சென்னைக்கு ரெண்டு தடவை போய் ரெண்டு தடவை திரும்பி வந்தாலும் அதைவிடக் கொஞ்சம் கூட வரும். அதுவும் கூடாரம், அடுப்பு, எரிபொருள், சாப்பாடு எல்லாத்தையும் ஏத்தின வண்டியை இடுப்புல கட்டி இழுத்துக்கிட்டு. பிரிட்டனைச் சேர்ந்த ஃபெலிசிட்டி ஆஸ்டன் என்ற பெண் காமன்வெல்த் நாடுகளிலிருந்து ஆளுக்கொருத்தரா பொறுக்கி எடுத்துச் சேர்த்த பெண்கள் குழு அது. ஜமைக்காவிலிருந்து வந்தவர் விரல்ல பனிக்கடி பட்டு விலக வேண்டியதாப் போச்சு. மீதி ஏழு பேர் போய்ச் சேர்ந்தாங்க. சிங்கப்பூர், புருனே, சைப்ரஸ் என்று பனியே தெரியாத ஊர்க்காரங்களும் அதுல இருந்தாங்க.

எனக்கு இதுல பிடிச்ச சங்கதி சாகசம் இல்லை. ஆள் எடுத்த விதம். ஆஸ்டன் பெரிய பெரிய வீராங்கனைகளைத் தேடிப் போகலை. பொதுவுல அறிவிச்சு விண்ணப்பம் வாங்கினார். துருவ அனுபவம் வேணும்னு கேட்கலை. நூற்றுக்கணக்குல பெண்கள் எழுதிப் போட்டாங்க. அதுல வடிகட்டி, நார்வேயில பயிற்சி கொடுத்து, அதுக்கப்புறம்தான் தேர்வு. ரீனா அப்போ மலையேற்றம், வெளிப்புறப் பயிற்சி சொல்லிக் கொடுக்குற வேலையில இருந்தார். விண்ணப்பம்னு ஒண்ணு வராம இருந்திருந்தா அவர் அந்த வேலையிலேயே இருந்திருப்பார், நாமும் "இந்தியப் பொண்ணுங்களுக்கு இதெல்லாம் ஒத்து வராது"ன்னு சொல்லிக்கிட்டு இருந்திருப்போம்.

அங்கே போய் என்னதான் செய்வாங்கன்னு படிச்சுப் பார்த்தா ஆச்சரியமா இருக்கும். பாதிக்கு மேல வீட்டு வேலை மாதிரி! காலையில எழுந்ததும் பனிக்கட்டியை வெட்டி, அடுப்புல உருக்கித் தண்ணி. அதுலதான் குடிக்கிறது, சமைக்கிறது, ஃப்ளாஸ்க் நிரப்புறது. ராத்திரியும் அதே. ஈர சாக்ஸைக் காய வைக்கணும். பசிக்கலைன்னாலும் தின்னணும், இல்லைன்னா உடம்பு குளிர் தாங்காது. வியர்க்கிற அளவுக்கு வேகமாப் போகக் கூடாது, நின்னவுடனே அந்த வியர்வையே உடம்பு மேல உறைஞ்சிடும். நம்ம ஊர்ல வியர்க்கலைன்னா வேலை செய்யலைன்னு அர்த்தம். அங்கே வியர்த்தா ஆபத்து. கோடைக்காலத்துல சூரியன் மறையவே மறையாது, அதனால நேரம் பார்த்துத்தான் ராத்திரின்னு முடிவு பண்ணணும். இதை ஒரு நாள் யார் வேணா செய்யலாம். ஒருத்தர் மேல ஒருத்தர் எரிஞ்சு விழாம மாசத்துக்கும் மேல செய்யுறதுதான் விஷயம்.

எங்க பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற பொம்பளைங்க கையைப் பார்த்திருக்கீங்களா? கொட்டையோட எண்ணெய் பட்டா தோல் பொசுங்கிடும். சாம்பலைத் தடவிக்கிட்டு விடியக்காலையிலிருந்து உடைப்பாங்க. உடனே "நம்ம ஊர்ப் பெண்கள் எல்லாரும் வீராங்கனைகள்"னு நான் பாட்டுப் பாட வரலை. அந்த வேலை கஷ்டம், கூலி கம்மி, அவ்வளவுதான். ஆனா "பொம்பளைக்குத் தாங்குமா"ன்னு கேட்கிறவங்க இந்தக் கையை ஒரு தடவை பார்த்துட்டுக் கேட்கட்டும்.

ரீனாவைவிட ஒரு படி மேலே நான் வைக்கிற ஆள் ஒருத்தர் இருக்கார். மங்களா மணி. இஸ்ரோவோட ஹைதராபாத் மையத்துல வேலை பார்த்தவர். 2016 நவம்பரில் அண்டார்டிகாவுல இருக்குற நம்ம பாரதி நிலையத்துக்குப் போன 23 பேர் குழுவுல ஒரே பெண். வயசு ஐம்பத்தாறு. அதுக்கு முன்னாடி பனி பெய்யுறதையே பார்த்ததில்லையாம். தில்லி எய்ம்ஸ்ல உடல் பரிசோதனை, அப்புறம் ஆலி, பத்ரிநாத் பக்கம் முதுகுல சுமையோட நடைப்பயிற்சி, எல்லாத்துலயும் தேறி, போய் 403 நாள் இருந்துட்டு வந்தார். துருவத்தைச் சுத்துற செயற்கைக்கோள்கள் அனுப்புற தகவலை வாங்குற தரைநிலையத்தைப் பார்த்துக்கிற வேலை. ரெண்டு மூணு மணி நேரத்துக்கு மேல வெளியே நிக்க முடியாது. குளிர்காலத்துல வாரக்கணக்கா சூரியன் எழாது. கப்பல் வராது. சண்டை போட்டா கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போக முடியாது :-)

துருவத்துக்கு நடக்குறது ஒரு பந்தயம் மாதிரி, முடிவு எங்கேன்னு தெரியும். ஒரு வருஷத்துக்கும் மேல தினமும் ஷிஃப்ட் பார்க்கிறது வேற. நெய்வேலிக்காரனுக்கு ஷிஃப்ட்னா என்னன்னு சொல்லித் தர வேண்டாம். அதான் என் ஓட்டு மங்களா மணிக்கு.

இவங்களுக்கெல்லாம் முன்னாடி, 1983ல கிளம்பின மூணாவது இந்தியக் குழுவுலேயே ரெண்டு பெண்கள் போயிட்டாங்க. சுதீப்தா சென்குப்தா, அதிதி பந்த். முதல்வர் நிலவியலாளர், ஷிர்மாகர் குன்றுகளோட பாறைகளை ஆராய்ஞ்சவர். அடுத்தவர் கடலியலாளர். முதல் குழு கிளம்பினது 1981 கடைசியில. ஆக ரெண்டே குழு தாண்டிக் கதவு திறந்தாச்சு. அப்படியிருந்தும் 33 வருஷம் கழிச்சு மங்களா மணி போனப்போ 23 பேருக்கு ஒரே ஒரு பெண். இது ஏன்னுதான் கேட்கணும். "முதல் பெண்"ணுன்னு தலைப்பு போட்டு மாலை போட்டுட்டு, இரண்டாவது பெண் வந்தாளான்னு நாம பார்க்கிறதே இல்லை.

பிரிட்டிஷ் ராணுவத்துல பிசியோதெரபிஸ்ட்டா இருந்த இந்திய வம்சாவளிப் பெண் ப்ரீத் சாண்டியைச் சொல்லாம விட முடியாது. டயரை இடுப்புல கட்டி இழுத்துப் பயிற்சி எடுத்தவர். 2022 ஜனவரியில தனியாளா 40 நாள்ல துருவம். அடுத்த சீசன்ல 70 நாள், 1,480 கிலோமீட்டருக்கு மேல. கண்டத்தைக் குறுக்கே கடக்கணும்கிறது அவர் திட்டம், நாள் பத்தலை, முடியலை. முடியலைன்னு வெளிப்படையாச் சொன்னதுதான் எனக்கு அந்தச் சாதனையைவிடப் பெருசாப் படுது.

"இதனால யாருக்கு என்ன லாபம், அந்தக் காசுல ரோடு போடலாமே"ன்னு டீக்கடையில ஒரு பெரியவர் கேட்டார். நடந்து போறதுக்கு ஸ்பான்சர் பிடிச்சுப் போறாங்க, அது அவங்க பாடு. நிலையத்துக்குப் போறவங்க வேலைக்குப் போறாங்க, சம்பளம் வாங்குறாங்க. இதைச் சொன்னதும் பெரியவர் கேட்ட அடுத்த கேள்விதான் கேள்வி: "அங்க என்னென்ன வேலை தம்பி இருக்கு?"

இருக்கே! அண்டார்டிகாவுக்கு விஞ்ஞானி மட்டும் போனாப் போதாது. கோவாவுல இருக்குற தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையம் ஜெனரேட்டர் மெக்கானிக், வண்டி மெக்கானிக், வெல்டர், எலக்ட்ரீஷியன், கிரேன் ஆப்பரேட்டர், சமையல்காரர், டாக்டர்னு ஆள் எடுக்குது. ஐயா, இது அப்படியே நெய்வேலி சுரங்கத்தோட ஆள் பட்டியல் மாதிரி இல்லை? ஐ.டி.ஐ. முடிச்சு அப்ரண்டிஸ் போற பசங்க இங்கே தெருவுக்குப் பத்து பேர். பொண்ணுங்களும் படிக்கிறாங்க, ஆனா டீசல் மெக்கானிக் எடுக்க வீட்டுல விடுறதில்லை. "கம்ப்யூட்டர் எடும்மா, ஏசி ரூம்ல உட்காரலாம்." குளிரணும்கிறதுதான் ஆசைன்னா அண்டார்டிகாவைவிட நல்ல ஏசி எங்கே கிடைக்கும்?

எங்க அக்கா பொண்ணு நிலவியல்ல முதுகலை முடிச்சிருக்கா. ஊர் ஊராப் போய்ப் பாறை பார்க்கிற வேலை ஒண்ணுக்கு அறிவிப்பு வந்தது. கூடாரத்துல தங்கணும், குழுவுல பெரும்பாலும் ஆம்பளைங்க. மாமா முடியாதுன்னுட்டார். பி.எட். சேரச் சொல்றார். சுதீப்தா சென்குப்தா கதையைச் சொன்னேன். "அவங்க அப்பா வேற, நான் வேறடா"ன்னார். அக்கா ஒண்ணும் சொல்லலை. அடுத்த நாள் எனக்குப் போன் பண்ணி, "விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்னிக்குடா?"ன்னு மட்டும் கேட்டா.

இருபதாம் தேதி. பணம் கட்டிட்டோம். மாமாவுக்கு இன்னும் தெரியாது. இந்தப் பதிவை அவர் படிக்க மாட்டார்ங்கிற தைரியத்துலதான் எழுதுறேன்.