செய்நிரலாக்கத்தை மணலில் தொடங்கலாம்

க.பொ.த. (சா/த) தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலில் செய்நிரலாக்க அலகு வந்ததும் மாணவர் பலர் கடந்தகால வினாத்தாள்களின் பாய்ச்சற் கோட்டுப்படங்களை மனனம் செய்யத் தொடங்குகின்றனர். வினாவில் நிபந்தனை சற்று மாறினால் புள்ளிகள் போய்விடும். இந்த அலகைக் கேத்திரகணித உருக்களை வரைவதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது எமது கருத்து.

இது புதிய யோசனை அன்று. 1967இல் அமெரிக்காவில் வோலி ஃபோயர்சைக், சேமூர் பேப்பர்ட், சிந்தியா சொலமன் ஆகியோர் சிறுவர்களுக்கென 'லோகோ' மொழியை உருவாக்கினர். பின்னர் அதனுடன் 'ஆமை' சேர்ந்தது. முன்னே செல், வலப்புறம் திரும்பு என்று கட்டளையிட்டால், தரையில் ஊர்ந்து பேனாவால் கோடு வரையும் சிறு இயந்திரம் அது. பிள்ளை தானே ஆமையாகி நடந்து பார்க்கலாம் என்றார் பேப்பர்ட்.

அப்படி நடக்கப் பாசிக்குடாவின் ஈரமணலை விட நல்ல கரும்பலகை உண்டா? கணினிக் கூடத்தில் முறை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒருவர் கட்டளையிட, மற்றவர் காலை இழுத்து நடக்கட்டும். 10 அடி முன்னே சென்று, 90 பாகை வலப்புறம் திரும்பவேண்டும். இதை 4 முறை செய்தால் சதுரம்.

அடுத்தது சமபக்க முக்கோணி. அகக்கோணம் 60 பாகை என்று படித்திருப்பதால், திரும்பவும் 60 பாகை என்றே சொல்லத் தோன்றும். 3 முறை நடந்து பாருங்கள். முக்கோணி மூடாது, அறுகோணியின் 3 பக்கங்கள்தான் மணலில் கிடக்கும். திரும்பவேண்டியது புறக்கோணமாகிய 120 பாகை. பல்கோணியின் புறக்கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகை என்ற தேற்றத்தின் காரணமும் நடந்தவருக்குப் புரியும்: தொடங்கிய திசைக்கே மீண்டபோது அவர் ஒரு முழுச் சுற்றுத் திரும்பியிருப்பார். ஆகவே N பக்கங்கள் கொண்ட ஒழுங்கான பல்கோணிக்கு ஒவ்வொரு முறையும் 360/N பாகை. மாறியும் மீள்செயலும் இங்கேயே வந்துவிட்டன.

"பஸ்காலில் செய்நிரல் எழுத ஆமை எதற்கு?" என்று சிலர் கேட்பர். எண்களைக் கூட்டும் செய்நிரலில் மீள்செயல் ஒரு முறை குறைந்தால், பிழையான ஓர் எண் வரும். பிழை எங்கே என்று அந்த எண் சொல்லாது. சதுரத்தில் ஒரு முறை குறைந்தால் ஒரு பக்கம் திறந்தே கிடக்கும். ஆசிரியர் திருத்தித் தரும்வரை காத்திராமல் மாணவரே கண்டுபிடிக்கலாம்.

கணினி கிடைத்ததும் இதே கட்டளைகளைப் பைத்தன் மொழியுடன் இலவசமாக வரும் ஆமைப் பகுதியில் இட்டுப் பாருங்கள். அதற்கு முன் மணலில் இன்னும் ஒன்று: 144 பாகை திரும்பி 5 பக்கங்கள் நடந்தால் நட்சத்திரம் வரும். திரும்பிய மொத்தக் கோணம் 360 அன்று, 720 பாகை. அது ஏன்?